சிக்னல் இல்லாத ஏரியில் காற்றையும் மழையையும் முன்னறிவது எப்படி?

ஜூலைக் கடைசியில் நண்பர்கள் நால்வர் இரண்டு கனூ படகுகளில் ஒன்டாரியோவின் அல்கோன்குயின் மாகாணப் பூங்காவுக்குள் ஐந்து நாள் பயணம் போகவிருப்பதாகவும், ஓபியோங்கோ ஏரியில் இறங்கி அதற்கு அப்பாலுள்ள சிறிய ஏரிகளைச் சுற்றிவிட்டு அதே வழியில் திரும்புவதாகத் திட்டம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உள்ளே கைபேசி சிக்னல் கிடைக்காது. ஆகவே வானத்தையும் காற்றையும் பறவை, பூச்சிகளையும் பார்த்தே மழை வருமா என்று சொல்லிவிட முடியுமா என்பது உங்கள் கேள்வி. அடுத்த சில மணி நேரத்துக்கு நன்றாகவே சொல்ல முடியும். மறுநாளைக்குச் சுமாராகச் சொல்லலாம். அதற்கு மேல் இயற்கைக் குறிகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். புறப்படும் நாள் காலையில் வண்டியில் இருக்கும்போதே ஐந்து நாள் முன்னறிவிப்பைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. மழை வந்தால் நனைவீர்கள், அவ்வளவுதான். கனூ பயணத்தில் உயிருக்கு உலை வைப்பவை காற்றும் மின்னலும். ஐந்து நாள் உணவு, கூடாரம், இரண்டு ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு, திறந்த கனூவின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் நின்றாலே அதிகம். ஆகவே நீங்கள் வானத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: அடுத்த மூன்று மணி நேரத்தில் இந்தத் திறந்த நீரைக் கடக்கலாமா? நாளைக் காலையில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு வலுவாக அடிக்கும்? கீழே நான் சொல்லும் குறிகள் எல்லாவற்றையும் இந்த இரண்டு கேள்விகளுக்கு எவ்வளவு பயன்படும் என்ற கணக்கில்தான் தரம் பிரித்திருக்கிறேன்.

முதலில், திசை. அல்கோன்குயின் அமைந்திருக்கும் நடு அட்சரேகைப் பகுதியில் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்கிறது. எனவே முகாமுக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது மேற்கு, தென்மேற்கு அடிவானம் தெரியும் இடமாகப் பார்ப்பது பாதி முன்னறிவிப்புக்குச் சமம். காட்டு மரங்களே உங்களுக்குத் திசை சொல்லும்: திறந்த கரைகளில் நிற்கும் வெள்ளைப் பைன் மரங்கள் பலவற்றில் மேற்குப் பக்கக் கிளைகள் குட்டையாகவும் கிழக்குப் பக்கக் கிளைகள் நீண்டும் இருக்கும். பல பத்தாண்டுகளாக அந்தக் கரையில் எந்தக் காற்று ஓங்கி அடிக்கிறது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

அடுத்து, காற்றின் நாள் ஒழுங்கு. பெரிய வானிலை மாற்றம் எதுவும் இல்லாத கோடை நாளில், இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தேங்கிவிடுவதால் விடியற்காலையில் ஏரி அசையாமல் கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் கீழ்க்காற்று, அதாவது தரையை ஒட்டிய காற்று, மேலெழுந்து, மேலே ஓடிக்கொண்டிருக்கும் வேகமான காற்று கீழே இறங்கிக் கலக்கத் தொடங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் சிற்றலை தொடங்கி, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், சூரியன் சாயும்போது அடங்கும். ரோமத்தோல் வணிகக் காலத்தில் சுமார் 11 மீட்டர் நீளமுள்ள பெரிய மரப்பட்டைக் கனூக்களில் சுப்பீரியர் ஏரியைக் கடந்த பிரெஞ்சுக் கனேடியத் துடுப்பாளர்கள் விடியலுக்கு வெகு முன்பே துடுப்பெடுத்து, சில மணி நேரம் ஓட்டிய பின்னரே காலை உணவுக்குக் கரை ஒதுங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். உங்களுக்கும் அதே அறிவுரைதான்: பெரிய ஏரியைக் கடக்கும் நாளில் ஐந்தரை மணிக்குப் படகு நீரில் இருக்க வேண்டும், காப்பியை அக்கரையில் போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஒழுங்கு மீறப்படுவதே ஒரு முக்கியமான குறி. அந்தி சாய்ந்த பிறகும் காற்று அடங்கவில்லை என்றாலோ, விடியற்காலை ஐந்து மணிக்கே பைன் உச்சிகளில் இரைச்சல் கேட்டாலோ, அது வெயில் எழுப்பிய காற்று அல்ல, ஏதோ ஒரு பெரிய அமைப்பு நகர்கிறது என்று பொருள். அன்று "கொஞ்சம் பொறுத்தால் அடங்கிவிடும்" என்ற கணக்கு செல்லாது.

ஓபியோங்கோ இந்தப் பூங்காவின் மிகப் பெரிய ஏரி. தெற்கு, கிழக்கு, வடக்கு என மூன்று கைகளாக விரிந்து கிடக்கிறது. அலையின் உயரத்தைக் காற்றின் வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. காற்று எவ்வளவு நேரம் அடித்தது, தடையில்லாமல் எவ்வளவு தூரம் நீர்மேல் ஓடி வந்தது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இதனால் வரும் ஒரு மயக்கம், புதியவர்களைப் பெரும்பாலும் சிக்க வைக்கிறது. காற்று உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்போது, நீங்கள் நிற்கும் கரையின் மரங்கள் அதை மறைத்துவிடுவதால் காலடியில் தண்ணீர் குளம் மாதிரித் தெரியும். படகு கரையை விட்டு விலக விலக அலை வளரும். அது பெரிது என்று உணரும் இடத்தில் திரும்ப முயன்றால் படகின் பக்கவாட்டை அலைக்குக் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே காலடித் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கரைப்பாறையில் உட்கார்ந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு அருகே கொண்டுவந்து, ஏரியின் நடுப்பகுதியையும் தொலைவிலுள்ள நீர்விளிம்பையும் பாருங்கள். அந்த விளிம்பு இழுத்துக் கட்டிய நூல் போல இல்லாமல் இரம்பப் பல்லாகத் தெரிந்தால் அங்கே அலை பெரிது. இடையிடையே வெள்ளை நுரைத் தலைகள் தோன்றத் தொடங்கினால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் என்ற அளவில் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் நுரைத் தலைகள் என்றால் 20ஐத் தாண்டிவிட்டது. முதல் நிலையிலேயே சுமையேற்றிய படகோடு நடு ஏரியைக் கடப்பதைக் கைவிட்டுக் கரையை ஒட்டிப் போங்கள். இரண்டாவது நிலையில் இறங்கவே வேண்டாம்.

இன்னொன்று: குறுகிய ஏரிகளில் காற்று மலைகளுக்கிடையே மடக்கப்பட்டு ஏரியின் நீளவாக்கிலேயே ஓடும். அங்கே முகத்தில் படும் காற்றை வைத்துத் திசை சொன்னால் தவறும். தாழ்வாக மிதக்கும் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பாருங்கள். ஒரு மரத்தின் உச்சியை அடையாளம் வைத்துக்கொண்டு தலையை அசைக்காமல் ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி மேகங்களுக்கு வருகிறேன். ஒரு நாளுக்கு முன்பே எச்சரிக்கை தரக்கூடிய குறி இது ஒன்றுதான். காற்றழுத்தத் தாழ்வு ஒன்று மேற்கிலிருந்து நெருங்கும்போது அதன் முன்னால் வரும் வெப்பமான காற்று, இங்குள்ள குளிர்ந்த காற்றின் மேல் மிக மென்மையான சாய்வாக ஏறி வருகிறது. அந்தச் சாய்வின் உச்சி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் முன்னதாகவே நம் தலைக்கு மேல் வந்துவிடுவதால், மழைக்கு ஒரு நாளோ ஒன்றரை நாளோ முன்பே மிக உயரத்தில், நுனி வளைந்த வெண்ணிறக் கீற்றுகள் மேற்கிலிருந்து பரவும். கீற்றுகள் மட்டும் சிதறிக் கிடந்து கரைந்துவிட்டால் பொருட்படுத்த வேண்டாம். அவை அடர்ந்து, வானம் முழுவதும் பால் கலந்தது போலாகி, சூரியனைச் சுற்றியோ நிலவைச் சுற்றியோ வளையம் தோன்றினால் கவனியுங்கள். பிறகு அந்தப் படலம் தாழ்ந்து சாம்பல் நிறமாகி, சூரியன் மங்கிய பொட்டாகத் தெரியும், தரையில் நிழல் விழாது. அதற்குச் சில மணி நேரத்தில் மழை தொடங்கும். இந்த வரிசையில் எது எப்போது நடந்தது என்பதைக் குறித்து வைத்தால், வரவிருக்கும் மழை வேகமாக வருகிறதா, மெதுவாக வருகிறதா என்பதும் புலப்படும்.

அந்த வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "அகல் வட்டம் பகல் மழை" என்று நம் ஊரில் சொல்வார்கள். அகன்ற வட்டம் என்பதுதான் அதில் உயிர்நாடி. மிக உயரத்திலுள்ள பனிப்படிகங்கள் ஒளியை முறித்து உண்டாக்கும் வளையம் எப்போதும் 22 பாகை ஆரம் கொண்டிருக்கும். கையை முழுதாக நீட்டி விரல்களை அகல விரித்து, கட்டைவிரல் நுனியை நிலவின் மேல் வைத்தால் சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வளையத்தைத் தொடும். பகலில் செய்வதானால் சூரியனை மரத்தாலோ கையாலோ மறைத்துக்கொண்டு செய்யுங்கள். நிலவை ஒட்டினாற்போல் தெரியும் சிறிய, நிறம் கலந்த வட்டம் வேறு. அது தாழ்ந்த மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகளால் ஏற்படுவது, அதை மட்டும் வைத்து மழை சொல்ல முடியாது. அகன்ற வளையம்கூடத் தனியாக வந்தால் பல சமயம் பொய்த்துப் போகும். அதோடு சேர்ந்து, வழக்கமாக மேற்கிலிருந்து அடிக்கும் கீழ்க்காற்று மாறி, தென்கிழக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ அடிக்கத் தொடங்கினால்தான் நான் கூடாரக் கயிறுகளை இறுக்கச் சொல்வேன்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நல்ல விதி இருக்கிறது. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடப்பக்கம் இருக்கும் என்பதை டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் 1857இல் எடுத்துரைத்தார். அதன் நீட்சியாக இப்படிச் செய்யுங்கள்: காற்றுக்கு முதுகு காட்டி நின்று, நிலத்தின் உராய்வால் ஏற்படும் விலகலைச் சரிசெய்ய வலப்பக்கமாகச் சற்றே, முப்பது பாகை போலத் திரும்பி, அண்ணாந்து உயரமான கீற்று மேகங்களின் ஓட்டத்தைப் பாருங்கள். அவை உங்கள் இடப்பக்கத்திலிருந்து வந்தால் வானிலை கெடப்போகிறது. வலப்பக்கத்திலிருந்து வந்தால் தேறப்போகிறது. முன்பின்னாக ஓடினால் உடனடி மாற்றம் இல்லை. கருவி எதுவும் வேண்டாத, இரண்டு நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனைதான் என் மதிப்பீட்டில் மற்ற எல்லாக் குறிகளையும் விட உயர்ந்தது. ஆனால் கீழ்க்காற்றின் உண்மைத் திசை தெரிய வேண்டும் என்பதால் இதைத் திறந்த முனையில் நின்று செய்யுங்கள். காட்டுக்குள் நின்று செய்தால் பயனில்லை.

பலர் ஏமாறுவது மழை வருவதற்கு முன்பல்ல, மழை விட்ட பிறகு. தாழ்வின் பின்னால் குளிர்காற்று முகப்பு, அதாவது பின்னால் வரும் குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு, கடந்து போகும்போது மழை சட்டென்று நிற்கும், காற்று மாறி வடமேற்கிலிருந்து அடிக்கும், வானம் துடைத்துவிட்டது போல நீலமாகும். இரண்டு நாள் நனைந்து கிடந்தவர்களுக்கு அந்த நீலம் புறப்படு என்று சொல்வது போலிருக்கும். ஆனால் பயணம் முழுவதிலும் மிக வலுவான, விட்டு விட்டு உதைக்கும் காற்று பெரும்பாலும் அந்தத் தெளிந்த நாளில்தான் அடிக்கிறது. வடமேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று ஓபியோங்கோவின் நீளமான திறந்த நீர்ப்பரப்புகளில் ஓடிவர நிறைய இடம் இருக்கிறது. அன்று துணி காயப்போட்டுவிட்டு அமர்ந்திருங்கள். அந்தியில் அடங்கினால் அந்தியிலும், இல்லாவிட்டால் மறுநாள் விடியலிலும் கடக்கலாம்.

ஜூலையில் இன்னொரு வகை ஆபத்து, வெயில் சூட்டில் எழும் இடிமழை. இதற்கு மேலே சொன்ன மேக வரிசை எதுவும் முன்னறிவிப்பாக வராது. புழுக்கமான காலையில், உயரத்தில் சிறு கோபுரங்கள் வரிசையாக முளைத்தது போன்ற மேகங்கள் தெரிந்தால் மேல்வானம் நிலையில்லாமல் இருக்கிறது, பிற்பகலில் இடிக்கக்கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரள் மேகங்கள் அகலத்தைவிட உயரமாக வளர்வது நண்பகலுக்கு முன்பே தொடங்கிவிட்டால் அது வலுவான எச்சரிக்கை. காலிஃபிளவர் போலக் கூர்மையான விளிம்போடு கொப்பளிக்கும் உச்சி, கொஞ்ச நேரத்தில் விளிம்பு கலைந்து நார்நாராகித் தட்டையாகப் பரவினால் அது முழு இடிமேகமாகிவிட்டது. அந்தத் தட்டை உச்சி எந்தப் பக்கமாக நீண்டிருக்கிறதோ, ஏறத்தாழ அந்தப் பக்கம்தான் புயல் நகரும். அது உங்கள் தலைக்கு மேல் நீண்டு வந்தால் நீங்கள் அதன் பாதையில் இருக்கிறீர்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். முப்பது நொடி என்றால் பத்துக் கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் மின்னல் பாய்வது சாதாரணம். உண்மையில், நீரில் இருப்பவர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதல் இடி காதில் விழுந்ததுமே அருகிலுள்ள கரைக்குத் திரும்புங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை மீண்டும் இறங்காதீர்கள். புழுங்கிக்கொண்டிருந்த காற்று திடீரென்று நின்று, பிறகு குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அடித்தால், மழையோடு கீழே விழுந்த குளிர்காற்று தரையில் பரவி உங்களை எட்டிவிட்டது என்று பொருள். ஏரியின் அக்கரையில் நீர் கறுத்து, அந்தக் கறுப்பு உங்களை நோக்கி ஓடிவருவதையும் அப்போது பார்க்கலாம். அதன் பிறகு இருப்பது சில நிமிடங்கள்தான்.

இந்த வகைப் புயலின் எல்லை எது என்பதற்கு 1999 ஜூலை 4 ஒரு சான்று. மினசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ் கனூ வனப்பகுதியின் மேல் அன்று நண்பகலை ஒட்டிக் கடந்த நேர்க்கோட்டுப் புயல்காற்று மணிக்கு 130 முதல் 160 கிலோமீட்டர் வேகத்தில் வீசி, பல கோடி மரங்களைச் சாய்த்தது. விடுமுறை நாள் என்பதால் ஏரிகளெங்கும் கனூ பயணிகள் இருந்தார்கள். காயமடைந்தவர்களில் பலர் மரங்கள் விழுந்து அடிபட்டவர்கள். அப்படியொரு காற்று வரும்போது குறி படிக்கக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. முந்தைய மாலை கூடாரத்தை எங்கே அடித்தீர்கள் என்பதுதான் காப்பாற்றும். ஆகவே முகாமில் இறங்கியதும் முதலில் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன மரம், முறிந்து தொங்கும் கிளை இவற்றின் விழும் தூரத்துக்குள் படுக்காதீர்கள். இந்தப் பகுதியில் பாறையின் மேல் மண் மிகக் கொஞ்சம்தான் இருப்பதால் உயிருள்ள பைன்கூட வேரோடு சாயும். இடிக்கும்போது நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலும், தனித்து உயர்ந்த மரத்தடியிலும், ஈரப்பாறையின் வெடிப்புகளிலும் இருக்க வேண்டாம். ஏறக்குறைய ஒரே உயரமுள்ள தாழ்ந்த மரக்கூட்டத்தில், ஒருவருக்கொருவர் தள்ளி, மெத்தை மேல் குந்தியிருங்கள். முழுப் பாதுகாப்பு என்று எதுவும் காட்டில் கிடையாது. இருப்பதில் மோசம் குறைந்தது இது.

சின்னக் குறிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மாலையில் மேற்கு வானம் சிவந்தால் மறுநாள் தெளிவு என்பது இங்கே ஓரளவு பலிக்கும், ஏனெனில் நாளைய வானிலை வரும் மேற்குத் திசையில் இன்று மேகம் இல்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. காட்டுத்தீப் புகை பரவியிருந்தால் இந்தக் குறியை மறந்துவிடுங்கள். 2023 போன்ற தீக்காலங்களில் நாள்தோறும் சூரியன் சிவப்பாகவே மறையும். காலையில் கவிழ்த்து வைத்த படகின் மேற்புறத்தில் பனித்துளி வழிந்தால் இரவு தெளிவாகவும் காற்றில்லாமலும் இருந்திருக்கிறது; அன்றைய முற்பகலை நம்பலாம். புல் காய்ந்து கிடந்தால் இரவில் மேகமோ காற்றோ இருந்திருக்கிறது, ஏன் என்று யோசியுங்கள். விடியலில் ஏரிமேல் நிற்கும் மூடுபனியும் நல்ல குறியே, ஆனால் அது கலையும்வரை பெரிய நீரைக் கடக்காதீர்கள். அடுப்புப் புகை தாழ்ந்து படர்ந்தால் மழை என்பார்கள். தெளிந்த மாலையில் தரையை ஒட்டிய காற்று குளிரும்போதும் அது அப்படித்தான் படரும் என்பதால் நான் அதற்கு மதிப்புத் தருவதில்லை.

உயிரினங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை பெய்யும்" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் அல்கோன்குயினில் தட்டான் தாழப் பறப்பது பெரும்பாலும் கொசு அங்கே இருப்பதால்தான். தவளை பகலில் கத்துவதும், பைன் காய்களின் செதில்கள் மூடிக்கொள்வதும், கடிக்கும் பூச்சிகள் மொய்ப்பதும் இப்போதைய ஈரப்பதத்தையும் காற்றில்லாமையையும் காட்டுகின்றன. மழைக்கு முன்பு காற்று ஈரமாகிறது என்பதால் அவை சில நேரம் சரியாக அமைகின்றன; முந்தைய நாள் மழையின் ஈரத்துக்கும் அவை அதையேதான் செய்யும். லூன் பறவை இரவில் ஓலமிட்டால் புயல் வரும் என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வார்கள். லூன் எல்லா இரவும் ஓலமிடும். கேட்டு மகிழுங்கள்.

கருவி ஒன்றை மட்டும் அனுமதிப்பதானால், உயரம் காட்டும் கைக்கடிகாரம் ஒருவரிடம் இருந்தால் போதும். அது காற்றழுத்தத்தை அளந்துதான் உயரத்தைக் கணக்கிடுகிறது. ஏரி ஏறி இறங்குவதில்லை. எனவே இரவு 405 மீட்டர் காட்டியது காலையில் அதே இடத்தில் 440 காட்டினால் அழுத்தம் குறைந்திருக்கிறது. எட்டு மீட்டருக்குச் சுமார் ஒரு மில்லிபார் (காற்றழுத்தத்தின் அலகு) என்று வைத்துக்கொண்டால் நான்கு மில்லிபாருக்கு மேல். இரவு முழுவதும் நடந்த இறக்கம் என்றால் வானத்தைக் கவனியுங்கள். அதே இறக்கம் மூன்று மணி நேரத்தில் நடந்தால் பலத்த காற்று வருகிறது, கரையில் இருங்கள். சில கடிகாரங்கள் நீங்கள் அசையாதிருப்பதைக் கண்டு தாமாகவே அழுத்தமானி நிலைக்கு மாறி உயரத்தை நிலைநிறுத்திவிடும். அதைப் புறப்படும் முன்பே அணைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் பயணத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், கவலைப்பட வேண்டியது ஐந்தாம் நாளைப் பற்றித்தான். ஊர் திரும்ப வேண்டும், வண்டி அக்கரையில் நிற்கிறது என்ற அவசரத்தில் பெரிய ஏரியைக் கடக்கும் நாள் அது. ஆகவே மூன்றாம் நாள் மாலையிலிருந்தே காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கீழ்க்காற்றின் திசை, உயர மேகத்தின் ஓட்டம், கடிகாரத்தின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். நான்காம் நாள் காலைக்குள் உயர மேகம் இடப்பக்கத்திலிருந்து வரத் தொடங்கி, காற்றும் தென்கிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால், உள் ஏரிகளில் நான்காம் இரவைக் கழிக்கும் திட்டத்தை விட்டுவிட்டு, அன்று மாலைக் காற்று அடங்கும் நேரத்திலேயே ஓபியோங்கோவைக் கடந்து தெற்குக் கையில் தங்குங்கள். முகாம் இடங்கள் ஏரிவாரியாக முன்பதிவு செய்யப்படுபவை என்பதால், நான்காம் இரவுக்கான பதிவை இப்போதே ஓபியோங்கோவின் தெற்குக் கைக்கு மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. அதற்கும் வழியில்லாமல் ஐந்தாம் நாள் காற்றில் மாட்டிக்கொண்டால் காத்திருங்கள். ஒரு நாள் கூடுதல் உணவு மூட்டையில் இருக்கட்டும். திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லும்போது "ஞாயிறு மாலை, காற்று அடித்தால் திங்கள் மாலை" என்றே சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.